மாதாவுக்கு ஒரு காடு

குருக்களாகிய நாங்கள் ஆண்டுத் தியானத்துக்காகக் கோடைக்கானல் மலைக்குச் செல்வதுண்டு. அங்குள்ள சோலைக் காட்டினுள் காலை வேளையில் நடந்து பார்த்தவர்கள் அதன் அமைதியை மறக்க மாட்டார்கள். மழை நின்று வெகு நேரம் ஆன பின்னும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். மரங்களின் மேல் பாசி படர்ந்திருக்கும். கோடையிலும் வற்றாத ஓடையொன்று எங்கோ சலசலக்கும். மனம் தானாக ஒடுங்கி இறைவனிடம் திரும்பும். தியானம் முடிந்து மலையிறங்கி, திண்டுக்கல்லைக் கடந்து, விராலிமலை வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துள் நுழையும்போது செம்மண்ணும் தைல மரமும் சீமைக் கருவேலும் நம்மை வரவேற்கின்றன. "நமக்கும் ஒரு காடு இருந்திருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விடுகிறோம்.

நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பதையும், அந்த அறியாமையால் நான் செய்த பிழையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் வாசகப் பெருமக்களாகிய உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முள்ளுக்காடு என்று நான் நினைத்தது

2004ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு பங்கிற்கு நான் அனுப்பப்பட்டேன். கோயிலுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. களாவும் காரையும் பிணைந்து கிடந்தன. இடையிடையே கரடுமுரடான மரங்கள் நின்றன. கொடிகள் அவற்றைச் சுற்றிப் படர்ந்து, உள்ளே நுழைய இயலாதபடி அடைத்திருந்தன. பாம்பு வருகிறது என்று மக்கள் முறையிட்டனர். கோயில் கட்டடத்துக்காக வாங்கிய கடனும் பாக்கியிருந்தது. "வீணாகக் கிடக்கும் நிலத்தைப் பயனுள்ளதாக்குவோம்" என்று நானே முன்மொழிந்தேன். இயந்திரம் வந்தது, இரண்டே நாளில் நிலம் துடைத்து வைத்த தளம் போலாயிற்று. அவ்விடத்தில் வரிசை வரிசையாகத் தைல மரக் கன்றுகள் நடப்பட்டன. இளங்குருவாகிய என்னைப் பலரும் பாராட்டினர்.

பக்கத்து ஊரைச் சேர்ந்த வயது முதிர்ந்த இந்துத் தாய் ஒருவர் எங்கள் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து மெழுகுவத்தி ஏற்றிச் செல்வார். வெட்டவெளியான நிலத்தைப் பார்த்து அவர் திகைத்து நின்றார். பிறகு என்னிடம், "ஏன் சாமி இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க அய்யனாரு காட்டுல காஞ்ச குச்சியக்கூட நாங்க எடுக்க மாட்டோம். உங்க மாதாவுக்குக் காடு வேணாமா?" என்று கேட்டார்.

"மாதாவுக்குக் கோயில் இருக்கிறது, ஆத்தா" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன்.

மடுத் திருத்தலத்தில் கிடைத்த விடை

அக்கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கடலுக்கு அப்பால் விடை கிடைத்தது. 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடுமாதா திருத்தலத்துக்குத் திருப்பயணியாகச் சென்றேன். அத்திருத்தலத்தின் வரலாறு கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 1670ஆம் ஆண்டளவில், டச்சுக்காரர்களின் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் துன்புறுத்தப்பட்டபோது, மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் தங்கள் கோயிலிலிருந்த அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்தன என்று மரபு கூறுகிறது. அரண்மனையோ கோட்டையோ அவர்களைக் காக்கவில்லை. அவர்களுக்கும் அன்னைக்கும் அடைக்கலம் தந்தது காடு. அண்மைக் காலப் போரின்போதும் ஆயிரக்கணக்கான அகதிகள் அதே திருத்தல வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு சென்று மக்களோடு செபித்தார்.

திருவிழாக் கூட்டம் மரங்களுக்கடியில் தங்கியிருந்தது. மன்னாரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் மஞ்சள் நிறச் சிறு பழங்களை ஒரு சருகில் வைத்து என்னிடம் நீட்டினார். தேன்போல் இனித்தன, ஆனால் அதன் பால் உதட்டில் பசைபோல் ஒட்டிக்கொண்டது.

"சுவாமி, இது பாலைப்பழம். உங்கட ஊரிலை இல்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சுற்றிலும் நின்ற மரங்களைக் கைகாட்டி, பாலை, வீரை, கருங்காலி, முதிரை என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பாலையின் அடிமரத்தையும் பட்டையையும் தடித்த இலையையும் உற்றுப் பார்த்தேன். என் நெஞ்சு திடுக்கிட்டது. 2004இல் இயந்திரத்தின் பல்லுக்கு எளிதில் அசையாமல், ஓட்டுநர் சலித்துக்கொண்டு பலமுறை முட்டிச் சாய்த்த மரம் இதுவே. முதிரை என்று அங்கு வழங்குவதை நம் பக்கத்தில் புரசு என்பர். என் பங்கில் நான் அழித்த முள்ளுக்காடும், மாதாவுக்கு அடைக்கலம் தந்த மடுக்காடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மழை குறைந்த நாட்டின் பசுமைக் காடு

ஊர் திரும்பியபின் இதனைப் பற்றிக் கற்கலானேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையில் வளர்பவை. அங்கு நூறு அடிக்கு மேல் உயர்ந்த மரங்களும், அவற்றின் கீழ் நடுத்தர மரங்களும், அதற்கும் கீழே நிழல் விரும்பும் செடிகளுமாக அடுக்கடுக்கான அமைப்பு உண்டு. புதுக்கோட்டையில் பெய்வதோ ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இத்தகைய நாட்டில் கோடையில் இலையுதிர்க்கும் காடுதான் வளரும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் இறைவனின் ஞானம் வேறு விதமாக அமைத்திருக்கிறது. ஆந்திரக் கடற்கரை தொடங்கி இராமநாதபுரம் வரையிலும், கடலைத் தாண்டி இலங்கையின் வடபகுதியிலும், ஆண்டு முழுவதும் பசுமை மாறாத காடு ஒன்று வளர்ந்திருந்தது. தாவரவியலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்தியுள்ளனர்.

இதன் மரங்கள் முப்பது அல்லது நாற்பது அடிக்கு மேல் பொதுவாக உயர்வதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. ஆகவே நீரை எளிதில் ஆவியாக விடுவதில்லை. மழைக்காட்டைப் போன்ற தெளிவான அடுக்குகள் இங்கு இல்லை. மரமும் புதரும் கொடியும் ஒன்றோடொன்று பின்னி ஒரே கூரையாகின்றன. அக்கூரையின் கீழே வெயில் குறைவாகவே விழுகிறது. சருகு மட்கி மண்ணாகிறது. பெருமழையின் வேகம் இலைகளில் தணிந்து, நீர் மெல்ல நிலத்துள் இறங்குகிறது. நான் குப்பை என்று கருதிய பின்னலே அந்தக் காட்டின் உயிர்நிலை.

அதன் உறுப்பினர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். காயாம்பூ என்று புலவர்கள் பாடிய நீலப் பூவைத் தருவது காசா மரம். உசிலையின் இலையைப் பொடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. சுளுந்து மரத்தின் குச்சி, மின்விளக்கு வருமுன் இரவுப் பயணத்துக்குத் தீப்பந்தம். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், அக்கொட்டையிலுள்ள பொருள் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியச் செய்ய, மேலே நீர் தெளிகிறது. ஊரணித் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த நம் முன்னோருக்கு இம்மரம் எவ்வளவு பெரிய உதவி! விராலிமலைக்கு அப்பெயர் வந்ததே விராலிச் செடியால் என்று கூறுவர்.

இக்காட்டுக்கு விதைப்பவரும் உண்டு. பாலை, நாவல், காரை, களா முதலியவற்றின் பழங்களைச் சின்னானும் குயிலும் மைனாவும் வௌவாலும் மரநாயும் உண்டு, விதைகளை வேறிடங்களில் இடுகின்றன. பறவை இல்லையெனில் இக்காடு பரவாது. பழம் இல்லையெனில் பறவை தங்காது. ஒன்றை அகற்றினால் மற்றொன்று தளரும். தூய பவுலடியார் திருச்சபையை ஓர் உடலுக்கும் அதன் உறுப்புகளுக்கும் ஒப்பிட்டதை, ஒரு காட்டின் நடுவே நின்று சிந்திப்பவர்கள் இன்னும் தெளிவாக உணர்வார்கள்.

காத்தவர்கள் யார்?

இந்தக் காடு ஏன் மறைந்தது? உழவுக்கும் விறகுக்கும் ஊர்களுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டது. மன்னராட்சியின்போது சில காடுகள் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு எஞ்சின. 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974இல் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. காகித ஆலைகளுக்குத் தேவையான கூழுக்காகத் தைல மரத் தோட்டங்கள் இம்மாவட்டத்தில் பரந்து விரிந்தன. வளம் குன்றிய தரிசைப் பயனாக்குவது அன்றைய நோக்கம். என்னைப் போலவே அன்று பலரும் அதை நன்மையென்றே நம்பினர்.

எனினும் காடு முற்றிலும் அழியவில்லை. ஊரின் எல்லையில் அய்யனாருக்கும் காளிக்கும் விடப்பட்ட கோயில் காடுகளில் அது எஞ்சியிருக்கிறது. ஆலங்குடிப் பக்கம் குளமங்கலத்தில் அய்யனார் கோயிலின் முன்பு நிற்கும் மாபெரும் குதிரைச் சிலையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். மாசி மகத்தன்று அதற்குக் காகித மாலைகள் மலைபோல் குவியும். அந்த அய்யனாரின் பெயரிலேயே காரை மரம் இருக்கிறது: பெருங்காரையடி மிண்ட அய்யனார். அரையப்பட்டி, மரமடக்கி போன்ற ஊர்களில் எஞ்சியுள்ள காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக அளந்து ஆராய்ந்துள்ளனர். படித்த நாம் முட்புதர் என்று ஒதுக்கியதை, எழுத்தறியா உழவர்கள் ஒரு குச்சியும் ஒடிக்காமல் காத்துத் தந்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பிற சமயத்தாரின் தெய்வ அச்சத்தைக் கத்தோலிக்க இதழில் புகழ்வது முறையா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய ஏட்டில், அவற்றிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று போதித்துள்ளது. நம்முடைய விசுவாசம் வேறு. ஆனால் அவர்களது அடக்கத்திலிருந்து நாம் பாடம் கற்கலாம். மரத்தைத் தெய்வமாகக் கருதாதவன் அதனை விறகாக மட்டுமே கருத வேண்டும் என்று எந்த மறைநூலும் சொல்லவில்லை. ஆதிமனிதனை இறைவன் தோட்டத்தில் வைத்தபோது உழவனாக மட்டுமன்றிக் காவலனாகவும் வைத்தார் என்பதைத் தொடக்க நூலில் காண்கிறோம். ஒரு நகரை முற்றுகையிடும்போதுகூடக் கனிமரங்களைக் கோடரியால் வெட்டலாகாது என்று மோசேயின் சட்டம் தடுத்தது.

காட்டைக் காக்கும் மரபு கிறிஸ்தவர்களுக்கும் அந்நியமன்று. எத்தியோப்பியாவின் வடபகுதியில் பழமைவாய்ந்த ஆர்த்தடாக்ஸ் கோயில்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு காடுகள் உள்ளன. சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக மாறிவிட்ட நாட்டில், கோயிலுக்கு ஆடை போன்றது காடு என்று கருதி அம்மக்கள் அவற்றைப் பேணிவருகின்றனர். கால்நடை புகாதபடி கற்சுவர் எழுப்பிய இடங்களில் இளங்கன்றுகள் மீண்டும் தலைதூக்குகின்றன.

நம் நாட்டிலும் குருக்களே தாவரங்களைத் தேடித் தொகுத்த வரலாறு உண்டு. செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் தந்தை கே. எம். மத்தேயு சே.ச. ஓர் உலர்தாவரகம் அமைத்து, தாவரவியல் அறிஞராகிய பிரெஞ்சுக் குரு தந்தை இராபினாவின் பெயரை அதற்குச் சூட்டினார். நம் மாவட்டத்தையும் உள்ளடக்கிய தமிழகச் சமவெளியின் தாவரங்களை அலைந்து திரிந்து சேகரித்து, 1980களில் பல தொகுதிகளாக நூல் வெளியிட்டார். நான் குருமாணவனாயிருந்த நாளில் அக்கல்லூரி வாயிலைப் பலமுறை கடந்திருக்கிறேன். ஒருமுறையேனும் உள்ளே சென்று ஓர் இலையின் பெயரைக் கேட்டதில்லை.

கஜா தந்த வாய்ப்பு

2018இல் நான் மற்றொரு பங்கிற்கு மாற்றப்பட்டேன். அவ்வாண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் எங்கள் பகுதியையும் புரட்டிப்போட்டது. பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. விடிந்ததும் தோப்பில் நின்று ஆண்கள் வாய்விட்டு அழுததைக் கண்டேன். கன்றுகளை எல்லாரும் வழங்கினர். எதை நடுவது, எங்கு நடுவது என்ற பேச்சு எங்கும் நடந்தது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. பழைய பாலை மரம் ஒன்று புயலுக்கும் அசையாமல் நின்றது. சுற்றிலும் வெட்டப்பட்ட காசா, புரசு முதலியவற்றின் அடிக்கட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. பங்குப் பேரவையில் என் பழைய பிழையை மறைக்காமல் எடுத்துரைத்து, இந்நிலத்தை மூன்று ஆண்டுகள் என்னிடம் விட்டுவிடுமாறு வேண்டினேன். திருவிழா ஏலத் தொகையில் வேலி போட்டோம். சீமைக் கருவேலை வேரோடு அகற்றினோம். ஆடுகள் உள்ளே வராமல் காத்தோம். அவ்வளவுதான்.

முதல் மழையிலேயே அடிக்கட்டைகள் துளிர்த்தன. இரண்டாம் ஆண்டில் பறவைகள் இட்ட விதைகளிலிருந்து நாங்கள் நடாத கன்றுகள் முளைத்தன. மறைக்கல்வி மாணவர்கள் ஒரு ஞாயிறு மாலை சுற்றி வந்து 31 வகைச் செடிகொடிகளை எண்ணினர். அவற்றில் நாங்கள் நட்டவை ஒன்பது வகைகளே. நிலத்துக்கு நினைவாற்றல் உண்டு என்பதை அன்று கண்டேன். நாம் செய்ய வேண்டியது, அதை மறக்கடிக்காமல் இருப்பதுதான்.

சோதனையும் வந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் பங்குச் சகோதரர் ஒருவர், பாலை மரத்தடியில் லூர்து கெபி கட்டி, சுற்றிலும் ஓடுகள் பதித்து, வாகனம் நிறுத்தவும் இடம் அமைத்துத் தர முன்வந்தார். தாயின் நினைவாக அவர் செய்ய விரும்பிய நற்செயல் அது. பேரவை இரண்டாகப் பிளந்தது. "மாதாவுக்குச் செய்வதை மரத்துக்காகத் தடுப்பதா?" என்று சிலர் என்னைக் கடிந்தனர். அத்தருணத்தில் அந்த முதிய தாயின் கேள்வி என் காதில் ஒலித்தது. அதையே பேரவையில் சொன்னேன். மடுவின் வரலாற்றையும் சொன்னேன். லூர்து அன்னையும் கல்பாவிய முற்றத்தில் அல்ல, ஆற்றோரக் குகையில் காட்சி தந்தார் என்பதை நினைவூட்டினேன். இறுதியில் கெபியை நிலத்தின் ஓரத்தில் சிறிதாகக் கட்டுவதென்றும், மரத்தடியில் மண்ணே இருக்கட்டும் என்றும், வாகனங்கள் பள்ளித் திடலில் நிற்கட்டும் என்றும் முடிவாயிற்று. அச்சகோதரர் இசைந்தார். ஆனால் ஒரு குடும்பம் ஏறத்தாழ ஓராண்டு என்னுடன் பேசவில்லை. அந்த வருத்தம் என்னிடம் இன்னும் உண்டு.

தியானம் செய்ய வருவோருக்கு

இப்போது அங்கு பக்கத்துப் பங்குகளிலிருந்து இளைஞர்களும் அன்பியக் குழுக்களும் ஒருநாள் தியானத்துக்கு வருகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் எச்சரிக்கையும் தேவை. இயற்கைச் சுற்றுலா என்ற பெயரில், காணச் சென்ற காட்டையே மிதித்துக் கெடுப்பதை மலைப்பகுதிகளில் பார்க்கிறோம். பெருங்காட்டுக்கே அந்நிலையென்றால், ஒன்றரை ஏக்கர்க் காடு எத்தனை காலடிகளைத் தாங்கும்? எனவே சில ஒழுங்குகளை வகுத்தோம். ஒருமுறைக்கு முப்பது பேருக்கு மேல் வரலாகாது. ஒரே பாதையில் நடக்க வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம், இரவில் விளக்கு வேண்டாம். நெகிழிப் பையும் தட்டும் உள்ளே வரக்கூடாது. சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது. பழம் பறவைக்கு, கீழே விழுந்ததை மட்டும் நாம் சுவைக்கலாம்.

குருக்கள் வருவர், போவர். 2024இல் நானும் மாற்றலாகி வந்துவிட்டேன். ஆனால் பேரவையின் தீர்மானம் பங்குப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சென்ற திங்களில் ஓர் அடக்கத் திருப்பலிக்காக அங்கு சென்றேன். மரங்களின் கூரை மூடத் தொடங்கியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கி நின்றார்கள்.

நாம் செய்யக் கூடியவை

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியை நம் பொதுவான இல்லம் என்று அழைத்து, அதன் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒருசேரக் கேட்குமாறு நம்மை வேண்டினார். புனித அசிசி பிரான்சிசைச் சூழலியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இலேயே அறிவித்துவிட்டார். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று நம் உச்ச நீதிமன்றமும் கோயில் காடுகளைக் காக்க நாடு தழுவிய கொள்கை வகுக்குமாறு நடுவண் அரசுக்குப் பரிந்துரைத்தது. மேலிருந்து குரல்கள் வந்துவிட்டன. கீழே மண்ணில் கைவைக்க வேண்டியவர்கள் நாம்.

முதலாவதாக, உங்கள் பங்கின் நிலத்திலோ, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலோ, கண்மாய்க் கரையிலோ களாவும் காரையும் காசாவும் நிற்குமானால், அதை முள்ளுக்காடு என்று சொல்லி அழிக்குமுன் ஊரின் மூத்த ஒருவரை அழைத்துச் சென்று பெயர் கேளுங்கள். இரண்டாவதாக, முதல் நற்கருணை, திருமணம், இறந்தோர் நினைவு ஆகியவற்றின்போது மரம் நடுவதாயின், அழகுக்கென விற்கப்படும் அயல்மரங்களை விடுத்து நாவல், இலுப்பை, மகிழம், பாலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பாலை மெதுவாக வளரும். நடுபவன் பேரப்பிள்ளைக்காக நடுகிறான் என்பதே அதன் சிறப்பு. மூன்றாவதாக, நடுவதைவிடக் காப்பதே முதன்மையென்று அறியுங்கள். ஆட்டுக்கும் தீக்கும் விலக்கி வைத்த நிலம் தானே பாதி வேலையைச் செய்யும். நான்காவதாக, அண்டை ஊரின் அய்யனார் காட்டுக்கு ஊறு நேரும்போது, அது நம் கோயில் அன்று என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நமக்கு விதை கிடைப்பது அங்கிருந்துதான்.

இறுதியாக ஒன்று. மூன்று ஏக்கர் காட்டை அழித்த அந்த முதல் பங்கிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றேன். தைல மரங்கள் பலமுறை வெட்டி விற்கப்பட்டுவிட்டன. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. கோயில் கிணறு வற்றியிருந்தது. தைல மரமே அதற்குக் காரணமென்று நான் கூற மாட்டேன். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. ஆனால் பாலை மரம் நின்ற இடத்தை என்னால் அடையாளம் காண இயலவில்லை. அந்த முதிய தாயைத் தேடி அவருடைய ஊருக்குச் சென்றேன். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரிடம் சொல்லவேண்டிய பதிலை அன்பார்ந்த குடும்பங்களாகிய உங்களிடம் சொல்லி முடிக்கிறேன். வேண்டும், ஆத்தா. மாதாவுக்கும் ஒரு காடு வேண்டும்.